ரெண்டு சீட்டு வண்டி வாங்கலாமா?

“…அதனால பொண்டாட்டின்னு பாத்து எதுவும் சொல்லாத. ஊர்ல நாலு பேருக்கு சொல்றியே, அதே வாயால எனக்கும் சொல்லு. நான் யாரோ ஒரு பொம்பள, வண்டி பாக்க வந்துகிறேன். அவ்ளோதான். வாங்கலாமா, வாணாமா?”

இப்படிக் கேட்டது என் மனைவி. கேட்ட இடம் பொன்னேரியில் ஒரு ரைஸ் மில் வாசல். போன தை மாதம், காணும் பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, நல்ல மதிய வெயில். நாங்கள் தனியாகவும் இல்லை. ஒரு பக்கம் என் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இன்னொரு பக்கம் மில் முதலாளி. நடுவில், ஓடி வந்த சூடு ஆறாமல் டிக் டிக்கென்று சத்தம் விட்டுக்கொண்டு, தரையோடு தரையாக ஒரு குட்டிக் கார். சிவப்பு நிறம். கூரை துணி, வேண்டுமென்றால் பின்னால் மடித்துவிடலாம். சீட்டு ரெண்டே ரெண்டு.

மூன்று பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். எனக்கோ வாய் வரவில்லை. எதற்கு வரவில்லை என்பது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் வண்டிப் பைத்தியம் சின்ன வயதிலிருந்து உண்டு. மெக்கானிக் ஷெட்டில் போய் நின்று, கேட்டதையே திரும்பக் கேட்டு, திட்டு வாங்கி, சைலன்சரில் கையைச் சுட்டுக்கொண்டு நானாகக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். தெரிந்தவர்கள் யாராவது பழைய கார் வாங்கப் போனால், “ஒரு வாட்டி வந்து பாத்துட்டு போண்ணா” என்று கூப்பிடுவார்கள். காலையில் நாஷ்டா வாங்கித் தருவார்கள். அதுதான் ஃபீஸ்.

நான் வண்டியைப் பார்க்கப் போகவில்லை, வாங்க வந்தவர்கள் பேசுவதைக் கேட்கத்தான் போகிறேன் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். பொய் என்று சொல்ல முடியாது. ஒருத்தர் சொன்னார், “எனக்கு ஸ்பீடு வாணாம் சார், ரிவர்ஸ் நல்லா வந்தா போதும். எங்க சந்துல முன்னாடி போய் பயனே இல்ல.” கவரப்பேட்டையில் இன்னொருத்தர், “வண்டி ஓடலன்னாலும் பரவால்லண்ணா, ஊட்டாண்ட நின்னா போதும். எதிர் ஊட்டுக்காரன் பாக்கணும்” என்றார். ஒரு அம்மா, மகன் ஆசையாகக் காட்டிய உயரமான ஜீப்பைப் பார்த்துவிட்டு, “இதுல பொடவையோட ஏறணும்னா எனக்கு ஏணி வாங்கிக் குடுத்துடு” என்று ஒரே வரியில் முடித்தார். அன்றைக்குப் பிறகு எந்த வண்டியையும் புடவை கட்டிய ஒருத்தர் ஏறி இறங்கிப் பார்க்காமல் நான் நல்ல வண்டி என்று சொன்னதில்லை. இப்படி என் பரிசோதனை எல்லாமே யார் யாரோ சொன்ன பேச்சிலிருந்து பொறுக்கியது.

என் மனைவி அதே சிப்காட்டில் வேறொரு கம்பெனி. கார்களுக்குள்ளே நரம்பு மாதிரி ஓடும் ஒயர்களைக் கட்டுகிற லைனில் ஹெல்பராகச் சேர்ந்தாள். இன்றைக்கு அந்த லைனுக்கே லீடர். அவள் ஒரு பார்வை பார்த்தால் பெல்ட் ஓடும், இன்னொரு பார்வை பார்த்தால் நிற்கும் என்று அங்கே வேலை செய்கிற பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சுற்று சதை போடும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைச் சொல்லி அழுகிற கதை இல்லை இது. நாங்கள் அதைப் பேசி முடித்து, சிரிக்கவும் கற்றுக்கொண்டு ரொம்ப நாள் ஆகிறது. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. “ரெண்டு பேர்தானே.”

கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்போம். “நீங்க ரெண்டு பேர்தானே, அடுத்த பந்தியில உக்காந்துக்கலாமே” என்று எழுப்புவார்கள். மண்டபத்தில் ரூம் சாவி எல்லார் கைக்கும் போகும். “ரெண்டு பேர்தானே, ஹால்ல படுத்துக்க மாட்டீங்களா?” வேன் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனால் டயருக்கு மேலே தூக்கித் தூக்கிப் போடுமே, அந்தக் கடைசி சீட்டு எங்களுக்கு. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. உரிமையோடு சொல்வார்கள். அதனால்தான் மறுத்துப் பேச வழியில்லை. என் மனைவி எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். “பரவால்ல.”

எங்களிடம் அஞ்சு பேர் உட்காருகிற கார் ஒன்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதில் சரியாக அஞ்சு பேர் போனதாக எனக்கு நினைவில்லை; ஒன்று நாங்கள் ரெண்டு பேர், இல்லாவிட்டால் ஒரு கூட்டம். திருவள்ளூர் மணவாள நகரில் இருக்கிற அக்கா வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் வண்டியோடு நாங்கள் போய் நிற்போம். மாமா மரியாதைக்கு முன் சீட்டில் உட்காருவார். பின்னால் அக்கா, அக்கா மகள்கள், பேரப் பிள்ளைகள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், யாரோ ஒருத்தர் பிள்ளையையும் யாரோ ஒருத்தர் டிபன் கேரியரையும் மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி. கையில் லைசென்ஸ் இருக்கிறவள், சொந்த வண்டியில், நடு சீட்டில்.

அந்தக் கார் பழசாகி, மாற்றலாம் என்று பேச்சு வந்தது. இந்தத் தடவை வாங்கப்போவது அவள் சேர்த்து வைத்ததில். பொங்கலுக்கு வந்திருந்த அக்கா கரும்பைக் கடித்துக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டாள். “டேய் தம்பி, எங்க தெருவுல ஒரு ஏழு சீட்டு வண்டி வெலைக்கு வருது. கண்ண மூடிக்கினு எடுத்துடு. நீங்க ரெண்டு பேர்தானே, மீதி அஞ்சு சீட்டு நாங்க கீறோம்.”

எல்லோரும் சிரித்தோம். என் மனைவியும் சிரித்தாள். வழக்கமான அந்த “பரவால்ல” வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. “நானும் ஒரு வண்டி பாத்து வச்சுகிறேன். ஞாயித்துக்கெழம பொன்னேரி போலாம்” என்றாள். எந்த வண்டி என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. அக்காவும் “நானும் வர்றேன், நான் பாக்காம இன்னா வண்டி” என்று தங்கிவிட்டாள்.

மில்லின் ஓரத்து ஷெட்டில் முதலாளி தார்ப்பாயை விலக்கினார். நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் செய்து, அப்புறம் நிறுத்திவிட்ட வண்டி அது. நான் சின்னப் படமாகப் பார்த்திருக்கிறேனே தவிர நேரில் தொட்டதில்லை. அவர் மகன் கல்லூரி நாளில் ஆசைப்பட்டு வாங்கியதாம். மகன் வெளிநாட்டில் குடியேறிவிட்டான். முதலாளி வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து மில்லைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டுவார். அவர் ஆள் கொஞ்சம் பெரிய உடம்பு. “நானா ஏறிடுவேன் தம்பி. எறங்கணும்னாதான் ரெண்டு பேர் வந்து இழுக்கணும்” என்றார்.

அக்கா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின்பக்கம் போய்ப் பார்த்தாள். திரும்பவும் முன்பக்கம் வந்தாள். “இன்னாடா இது, மீதி வண்டி எங்க?”

எனக்கும் அதே கேள்விதான். திரும்பிப் பார்த்தால் என் மனைவி அரக்குப் பட்டுப் புடவையில் நிற்கிறாள். வண்டி பார்க்க வருவதற்கு எதற்குப் பட்டு என்று வீட்டிலேயே கேட்டிருந்தேன். இப்போது சொன்னாள், “எல்லாருக்கும் வெக்கிறியே பொடவ டெஸ்ட்டு, எனக்கு மட்டும் கெடையாதா?” சொல்லிவிட்டு ஏறிக் காட்டினாள். முதலில் உட்கார்ந்து, அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பி, முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டாள். ஏறுவது சுலபம். இறங்கும்போது தரையிலிருந்து எழுந்திருப்பது மாதிரி கதவைப் பிடித்து எழுந்தாள். முட்டி வலிக்காரருக்கு ஆகாது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது மூட்டை. மாதம் ஒரு மூட்டை அரிசி ஏற்ற முடியாத காரை நம்ம ஊரில் யார் கார் என்று சொல்வார்கள்? மில் வாசலில் மூட்டைக்கா பஞ்சம். தூக்கிக்கொண்டு வந்து டிக்கியைத் திறந்தால், துணிக்கூரையை மடித்து வைக்கிற இடம் போக ஒரு கைப்பைக்குத்தான் இடம். கடைசியில் மூட்டையை இடது சீட்டில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க பெல்ட்டும் போட்டுவிட்டேன். “மாப்பிள்ள ரெடி, பொண்ணு எங்க?” என்றாள் அக்கா. முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நானும் அவளும் கிளம்பினோம். முதலில் நான் ஓட்டினேன். ரயில்வே கேட் தாண்டும்போதே அடிவயிற்றில் கர்ரென்று ஒரு உரசல். எனக்கு இல்லை, வண்டிக்கு. வேகத்தடை வந்தால் நேராக ஏற்றக் கூடாது, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாகக் குறுக்கே ஏற்றி இறக்க வேண்டும். இன்ஜின் மட்டும் தெரிந்த இன்ஜின். ஊரெல்லாம் ஓடுகிற ஒரு சாதாரண சின்னக் காரின் இன்ஜினைத்தான் இதில் வைத்திருந்தார்கள். எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். அது பெரிய நிம்மதி.

வண்டியின் மேல் உடம்புதான் எனக்குப் பேஜாராக இருந்தது. தகரம் இல்லை, ஃபைபர். இடது பின் சக்கரத்துக்கு மேலே ஒரு விரிசல் வேறு. டிங்கர் கடைக்காரர்கள் தட்டி நிமிர்த்துவார்கள்; இதைத் தட்டினால் உடையும். “பாடி போச்சுன்னா வண்டியே போச்சு, இதுக்கு ஆள் கெடையாது” என்றேன். அவள் நெடுஞ்சாலைப் பக்கம் திருப்ப விடாமல், “நேரா பழவேற்காடு போ” என்றாள்.

எதற்கு என்று புரியாமல் ஓட்டினேன். ரெண்டு பக்கமும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பழவேற்காட்டில் பாலத்துக்குப் பக்கத்தில், கரையேற்றிக் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகுகள் நடுவே நிறுத்தச் சொன்னாள். படகு விரிசல் ஒட்டுகிறவர் ஒருத்தர் வேலையை விட்டு எழுந்து வந்தார். விரலை மடக்கி விரிசலின் மேல் டொக் டொக்கென்று தட்டினார். அப்புறம் வண்டியை நிமிர்ந்து பார்த்தார். “இது காரு இல்லம்மா, போட்டு. யாரோ தெரியாம சக்கரம் மாட்டிட்டாங்க” என்றார். ஒட்ட முடியுமா என்று கேட்டதற்கு, “போட்டுல விரிசல் வுட்டா உசுரு போவும். இதுல இன்னா போவும், கொஞ்சம் பெயிண்டு போவும். கொண்டாந்து வுடு, கையோட ஒட்டித் தர்றேன்” என்றார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் லைனில் பழவேற்காட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். விரிசலை முன்னாலேயே வந்து பார்த்துவிட்டுப் போய், ஃபைபர் என்றால் நம்ம பக்கத்தில் யார் கையில் இருக்கிறது என்று அவர்களிடம் விசாரித்து வைத்திருக்கிறாள். எத்தனையோ வண்டி பார்த்த எனக்குப் படகுக் கரை ஞாபகத்துக்கே வரவில்லை. “நீ எப்ப இதெல்லாம் கேட்ட?” என்றேன். “நீ தூங்கும்போது” என்றாள். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்வது? அங்கே நின்ற படகுக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு இவள் என் பொண்டாட்டி என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். துணிக்கூரையை மடித்துவிட்டோம். வெயில் மண்டையில் இறங்கியது. காற்று அதைத் துடைத்துக்கொண்டே வந்தது. பொன்னேரியைத் தாண்டி தச்சூர் கூட்டுச்சாலை வழியாக நெடுஞ்சாலையில் ஏறினோம். இந்த வண்டிக்கு உண்மையான பரீட்சை அங்கேதான். நம்ம ரோட்டில் கார்கள் கம்மி, கன்டெய்னர் ஜாஸ்தி. பக்கத்தில் ஒரு ட்ரெய்லர் வந்தால் அதன் சக்கர நட்டு என் காதுக்கு நேராகச் சுற்றியது. நெரிசலில் நின்றபோது ஒரு லாரிக்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். “யக்கா, மேலேர்ந்து பாத்தா நீங்க பாய் விரிச்சு உக்காந்துகினு போற மாதிரி கீது. ஆரன் அடிச்சிக்கினே போங்க, மெய்யாலும் எங்களுக்குத் தெரியாது” என்றார். கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுவும் மனதில் குறித்துக்கொண்டேன். பெரிய குறை அது.

ஆனால் அவள் ஓட்டினது இருக்கிறதே! வளைவில் வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. கியர் சின்ன அசைவில் விழுந்தது. அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. லைனில் நிற்கிற அதே முகம். நம்பிக்கையாக ஒரு கை, அவசரமில்லாத ஒரு கால்.

கூட்டுச்சாலைக்குத் திரும்பி வந்தபோது பஸ் நிறுத்தத்தில் மூன்று பெண்கள் கையை ஆட்டினார்கள். அவள் லைனில் வேலை செய்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குப் போகிறவர்கள். அவள் ஓரம் கட்டினாள். ஓடி வந்தார்கள். “யக்கா, சிப்காட்டுதானே? நாங்களும் வர்றோம்” என்று ஒருத்தி வழக்கம்போல் பின் கதவைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கை காற்றைப் பிடித்தது. கதவும் இல்லை, சீட்டும் இல்லை. குனிந்து தேடினாள். “இன்னாக்கா, பாதி வாங்கிக்கினு வந்துட்டீங்களா? மீதி தீபாவளிக்கா?”

என் மனைவி, “எடம் இல்லம்மா” என்றாள்.

சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிக்கிறாள். அந்தப் பெண்களும் காரணம் தெரியாமல் கூடவே சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் வாயிலிருந்து “இடம் இல்லை” என்று நான் கேட்டதே இல்லை. இடம் இல்லாதபோதும் இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறாள். இந்த வண்டியில் எது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மில்லுக்குத் திரும்பியதும் கடைசிப் பரிசோதனை. கூரையை மூடி, முதலாளி ஹோஸ் பைப்பைக் கொண்டுவந்து மேலே தண்ணீர் அடித்தார். டிரைவர் பக்கம் சொட்டு இல்லை. இடது ஓரத்தில் ரப்பர் தேய்ந்துபோய், தண்ணீர் சீட்டில் தாரையாக இறங்கியது. அக்கா விடுவாளா? “ஏன்டா, அடமழையில நீ உள்ள குடை புடிச்சிக்கினு உக்காருவியா? வேல கெட்ட வேல. வா, போயி அந்த ஏழு சீட்ட முடிச்சிட்டு வந்துடலாம்.”

அப்போதுதான் என் மனைவி கதவைச் சாத்திவிட்டு, என் எதிரில் வந்து நின்று, எனக்குத் தெரிந்த வண்டி வேலையை நான் நாலு பேருக்கு எப்படிச் செய்கிறேன் என்று ஆரம்பித்து, முதலில் சொன்னேனே, அந்தப் பேச்சைப் பேசி முடித்தாள். வாங்கலாமா, வாணாமா?

நான் மாட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் அவள் சண்டை போட மாட்டாள். “பரவால்ல” என்பாள். மறுநாள் ஏழு சீட்டு வண்டி வாசலில் நிற்கும், அதில் எல்லாருக்கும் இடம் இருக்கும். வாங்கலாம் என்று அவள் ஆசைக்காகச் சொன்னால், அது நான் யாருக்கும் இதுவரை சொல்லாத பொய். அதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். பெருமையாக வண்டியில் போகவேண்டியவள், புருஷன் பாவம் பார்த்து வாங்கிக் கொடுத்த வண்டியில் போவாள். அது அவளுக்கு வேண்டாம். அதற்காகத்தான் யாரோ ஒரு பொம்பளை என்று தன்னைச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள்.

சரி, யாரோதானே? யாரோ ஒருத்தருக்குச் செய்வதையே செய்வோம் என்று ஆரம்பித்தேன். எந்த வண்டியைப் பற்றியும் வாயைத் திறப்பதற்கு முன்னால் வாங்க வருகிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். அதைக் கேட்காமல் நான் ஒருத்தருக்கும் பதில் சொன்னதில்லை. சொந்த மனைவியாகப் போனதால் இவளிடம் மட்டும் கேட்க விட்டுப்போயிருந்தது.

“ஊட்ல எத்தினி பேரும்மா நீங்க?” என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் மனைவி பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்றபடி, வரிசையில் நிற்கிற வெளியாள் மாதிரியே பதில் சொன்னாள்.

“ரெண்டு பேர்.”

அவ்வளவுதான். கூட ஒரு ‘தானே’ இல்லை. முன்னால் ஒரு ‘சும்மா’ இல்லை. ஊரெல்லாம் எங்களைப் பற்றிச் சொல்கிற அதே ரெண்டு வார்த்தை, வாலை வெட்டிவிட்டு அவள் வாயிலிருந்து வந்தபோது முழுசாக இருந்தது. ஒரு குடும்பத்தின் அளவைச் சொல்வது மாதிரி இருந்தது.

எனக்கு வாய் வந்துவிட்டது. அக்காவுக்கும் முதலாளிக்கும் கேட்கிற மாதிரி, ஒரு குறையையும் மறைக்காமல் சொன்னேன். “பசங்க இருக்கிற ஊட்டுக்கு இந்த வண்டி வாணாம்மா. வயசானவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போற ஊட்டுக்கு வாணாம். மூட்டை முடிச்சு ஏத்தறவங்களுக்கு வாணாம். லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியாது, அத நீங்கதான் பாத்து ஓட்டணும். மழைத் தண்ணி நிக்கிற எடத்துல எறக்கக் கூடாது. இடது பக்கம் ரப்பர் மாத்தணும், விரிசலப் பழவேற்காட்டுல ஒட்டணும். இன்ஜின் நல்லா கீது, கியர் நல்லா கீது. ஊட்டுலேர்ந்து சிப்காட்டுக்கும், சிப்காட்டுலேர்ந்து ஊட்டுக்கும், லீவு நாள்ல ரெண்டு பேரா எங்கயாவது போய் வரவும்னா, தாராளமா வாங்கலாம். நூறு பேர் வந்து கேட்டா தொண்ணூத்தொம்பது பேருக்கு வாணாம்னுதான் சொல்லுவேன். உங்களுக்கு சரியா இருக்கும்.”

சொந்த மனைவியை ‘நீங்க’ என்று அன்றைக்குத்தான் கூப்பிட்டேன். முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

“அப்போ எங்கள யாருடா கூட்டிக்கினு போவாங்க?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டம்.

“விசேஷத்துக்கு வேன் சொல்லிக்கலாம்க்கா. நாங்க பின்னாடியே வந்துடுவோம்.”

அக்கா முகம் வாடிவிட்டது. பஸ் ஏறுகிற அவசரம் மாதிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இந்த இடத்தில்தான் என் மனைவி வழக்கமாக உருகிவிடுவாள். எங்கே அந்த “பரவால்ல” வந்துவிடுமோ என்று நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டி இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது. பழவேற்காட்டுக்காரர் ஒட்டிய இடம் மட்டும் கொஞ்சம் வேறு சிவப்பு. ஷிஃப்ட் விட்டு அவள் கம்பெனி கேட்டைத் தாண்டி அதில் வெளியே வரும்போது, நான் டீக்கடையில் நின்று, தெரியாதவர்களிடம்கூட, “அது எங்க ஊட்டு வண்டி” என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வண்டி பார்க்கக் கூப்பிடுகிறவர்களிடம் இன்றும் அதே முதல் கேள்விதான் கேட்கிறேன். என்ன வித்தியாசம் என்றால், முன்பு அந்த எண்ணிக்கை சீட்டுக் கணக்குக்காக. இப்போது, எந்த எண்ணாக இருந்தாலும் அது ஒரு முழு வீடு என்று தெரிந்து கேட்கிறேன். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவள் சொன்ன அந்தப் பதில் மட்டும் இல்லை. அதற்கு அடுத்து அவள் செய்ததும்தான்.

அன்றைக்கு அவள் மில்லுக்குள் போய் ஒரு காலிக் கோணியை எடுத்து வந்தாள். நனைந்துபோன இடது சீட்டின் மேல் அதை மடித்து விரித்தாள். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, “வாங்க அண்ணி, மொத சவாரி நீங்கதான்” என்றாள்.

அக்கா வந்தாள். பழக்க தோஷத்தில் கை பின்பக்கமாகப் போனது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் திறந்திருந்த முன் கதவுப் பக்கம் திரும்பினாள். மாமா இருக்கிற வண்டியில் எங்கள் அக்கா ஒரு நாளும் முன்னால் உட்கார்ந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெதுவாக உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டு, எதிரே கண்ணாடி வழியாகத் தெரிந்த ரோட்டைப் பார்த்தாள். என் மனைவி குனிந்து அவளுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டாள், கூரையைப் பின்னால் மடித்துவிட்டாள், சுற்றி வந்து ஸ்டியரிங் பிடித்தாள். என்னையும் முதலாளியையும் மில் வாசலில் நிற்க வைத்துவிட்டு, ஆரனை ஒரு அழுத்து அழுத்தி, ரெண்டு பேரும் போனார்கள்.